வந்து மறையும் பழுது



வீட்டிலுள்ள மின்சாரக் கருவியொன்று அடியோடு பழுதாகிவிட்டால் அதனாற் பெருந்தொல்லை இல்லை. எரியாத மின்குமிழைக் கழற்றி எறிகின்றோம். சுழலாத மின்விசிறியைத் திருத்துநரிடம் கொடுக்கின்றோம். செலவு உண்டாகலாம், ஐயம் உண்டாவதில்லை. மனிதரைப் பெரிதும் அலைக்கழிப்பது வேறொரு வகைப் பழுது. அது நேற்று இருந்தது, இன்று இல்லை. வீட்டில் இருந்தது, கடையில் இல்லை. மனைவியின் கையில் இருந்தது; கணவனின் கையில் இல்லை. திருத்துநர் வாசற்படியிற் கால் வைத்ததும் கருவி நல்ல பிள்ளையாகி விடுகின்றது. அவர் தெருமுனையைத் தாண்டியதும் பழைய குணத்தைக் காட்டுகின்றது. இவ்வாறு வந்து மறையும் பழுதுகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

நான் பொறியியல் கற்றவனல்லேன். கலைப்பட்டதாரி, வரலாறு கற்பித்துப் பின்னர் அதிபராகப் பொறுப்பேற்றவன். இப்பொருளிற் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். கருவியைத் திறந்து திருத்துதல் பயிற்சி பெற்றவரின் தொழில். கண்முன் இல்லாத ஒன்றைச் சாட்சிகளின் சொல்லிலிருந்து அறிதலோ வரலாற்று மாணவனின் தொழில். மறைந்த பழுது, நடந்து முடிந்த ஒரு சம்பவம் போன்றது. அதனைக் கண்டவர் யார், எப்பொழுது கண்டார், அவ்வேளையில் வேறு என்ன நிகழ்ந்தது என்று விசாரித்தே அதனைப் பிடித்தல் வேண்டும்.

முதியோர் சிலர் முறைக்காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டிருப்பர். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பெரிதும் வாட்டிய மலேரியாவின் இயல்பு அது. ஒருநாள் நடுக்கமும் காய்ச்சலும் வரும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். அடுத்த நாள் மீண்டும் நடுக்கம். காய்ச்சல் இல்லாத நாளில் அவரைப் பார்த்து, நோய் தீர்ந்தது என்று சொல்லும் வைத்தியர் இல்லை. எந்த நாளில், எந்த நேரத்தில் நடுக்கம் கண்டது என்றே அவர் முதலிற் கேட்பார். நோய்க்கிருமி இரத்தத்திற் பெருகி வெளிப்படும் காலக்கணக்கே காய்ச்சலின் காலக்கணக்கு. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நோய் போய்விட்டது; அது கற்பித்த பாடம் போகவில்லை. விட்டுவிட்டு வருகின்ற எதற்கும் ஒரு காரணம் உண்டு. அது வருகின்ற வேளையே அக்காரணத்தைக் காட்டும் சுட்டுவிரல்.

இனி, ஒரு பழுது ஏன் வந்து மறைகின்றது என்று நோக்குவோம். பெரும்பாலும் நான்கு காரணங்களுள் ஒன்று அங்கே இருக்கும்: வெப்பம், ஈரம், அசைவு, சுமை.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உலோகம் சூடேறினால் விரியும், ஆறினாற் சுருங்கும். கருவியின் உள்ளே கம்பிகளை இணைத்திருக்கும் ஈயப்பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் அதன் இரு கரைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், கருவி இயங்கும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் கரைகள் விலகும், கருவி நிற்கும். நாம் அதனை நிறுத்தி, ஆறவிட்டு, கடைக்குக் கொண்டு செல்கின்றோம். திருத்துநர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, பழுது இல்லை என்கிறார். அவர் சொல்வதும் உண்மை. நாம் சொல்வதும் உண்மை. பழைய வால்வு வானொலிப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பாட்டை வரவழைத்தவர்கள் இந்த வித்தையை அறிவார்கள். அந்தத் தட்டு, தளர்ந்த தொடுப்பைச் சற்றே அசைத்துச் சேர்த்தது, தளர்ச்சியைத் தீர்க்கவில்லை. ஆகவேதான் மறுநாளும் தட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது ஈரம். கார்த்திகை, மார்கழி மாத அடைமழையில் நம்மவர் பலருடைய வீடுகளில் 'ட்றிப் சுவிச்' என வழங்கும் காப்பு ஆளி நள்ளிரவில் விழும். காலையில் வெயில் எறித்ததும் தூக்கிவிட்டால் நிற்கும். 'மழைக்கு விழுந்தது' என்று சொல்லி அத்துடன் மறந்துவிடுகின்றோம். ஆனால் மழைநீர் ஏதோ ஓரிடத்தில் மின்கம்பியைத் தொட்டிருக்கின்றது. வெளிவிளக்கின் இணைப்புப் பெட்டியாக இருக்கலாம். மதிலோரத்துக் குதையாக இருக்கலாம். நெடுநாள் பாவியாத மின்கேத்தலும் இவ்வாறு செய்யும். அதன் சூடேற்றும் உறுப்பினுள்ளே நிரப்பிய காப்புத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முதல்நாள் போட்டதும் ஆளி விழும். சூடேறி ஈரம் நீங்கியபின் ஒன்றும் நிகழாது.

மூன்றாவது அசைவு. மின்னழுத்தியின் வடம், அழுத்தியோடு சேருமிடத்திலேயே அதிகம் மடங்குகின்றது. உள்ளேயிருக்கும் நுண்கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். வெளியுறையோ புதிதுபோலத் தோன்றும். ஆடையின் மீது தேய்க்கும்போது விட்டுவிட்டு இயங்கும். மேசைமீது நிறுத்தி வைத்துச் சோதித்தால் ஒழுங்காக இயங்கும். வேலை செய்பவர் காணும் பழுதைச் சோதிப்பவர் காணாமைக்கு இதுவே காரணம்.

நான்காவது சுமை. மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 மணி வரை நம் நாட்டில் மின்சாரப் பாவனை உச்சத்தில் இருக்கும். நீண்ட மின்பாதையின் கடைக்கோடியிலுள்ள வீட்டில் 230 வோற்று வரவேண்டிய வேளையில் அதனினும் குறைந்து வரக்கூடும். குளிர்சாதனப் பெட்டி புறப்பட முயன்று, முனகி, 'டிக்' என்ற ஓசையுடன் நின்றுவிடும். காலை 10 மணிக்கு வரும் திருத்துநர் இதனை ஒருபோதும் காணமாட்டார்.

இந்நான்கிற்கும் புறம்பாக, பழுதைப் போலத் தோன்றும் காவலும் உண்டு. நீர்ப்பம்பியின் மோட்டரும் மாவரைக்கும் பொறியும் அளவுக்கு மீறிச் சூடானால் தம்மைத்தாமே நிறுத்திக்கொள்ளும்படி பலவற்றில் ஓர் உறுப்பு அமைந்துள்ளது. ஆறியதும் மீண்டும் இயங்கும். இங்கே காவலாளி தன் கடமையைச் செய்தான். திருடன் யார் என்று தேடவேண்டியது நாம்.

எங்கள் பாடசாலையின் நீர்ப்பம்பி சில நாட்களில் நடுவே நின்றுவிடும். மின்வினைஞர் இருமுறை வந்து பார்த்தார். இருமுறையும் அது குறையின்றி ஓடியது. பாடசாலைத் தொழிலாளி ஒருவர் ஓர் அப்பியாசக் கொப்பியைச் சுவரில் தொங்கவிட்டு, பம்பியைப் போட்ட நேரம், நின்ற நேரம், அன்றைய நாள் ஆகியவற்றைக் குறித்து வந்தார். ஐந்து வாரம் கடந்தபின் கொப்பியை விரித்துப் பார்த்தபோது, நின்ற நாட்களில் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் திங்கட்கிழமைகள். அந்த ஒன்றும் விடுமுறைக்கு மறுநாள். விடுமுறையில் தாங்கி வற்றிவிடுவதால் அந்நாட்களில் மட்டும் பம்பி நெடுநேரம் ஓடியது, சூடேறியது, காவல் உறுப்பு நிறுத்தியது. மின்வினைஞர் வந்ததோ நடுவாரத்தில். கொப்பியைக் கண்டதும் அவர் மோட்டரின் பின்மூடியைக் கழற்றினார். காற்றுப் போகும் துளைகளைக் குளவிக்கூட்டின் மண் அடைத்திருந்தது. மண்ணை அகற்றியபின் திங்கட்கிழமையும் மற்றை நாட்களைப் போலாயிற்று. இரண்டு வருகைகள் காட்டாததை ஒரு கொப்பி காட்டியது.

இவ்வாறு குறித்து வைப்பது பேரறிஞரின் வழக்கமுமாகும். அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், மார்க் 2 என்னும் பெருங்கணிப்பொறி தவறியது. கிறேஸ் ஹொப்பர் பணியாற்றிய குழுவினர் தேடியபோது, 70ஆம் இலக்க றிலேயின் தொடுமுனைகளுக்கிடையில் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டிருந்தது. அதனை எடுத்து எறிந்துவிட்டு அவர்கள் வேலையைத் தொடரவில்லை. பிற்பகல் 3.45 என்று நேரமிட்டு, குறிப்பேட்டில் அப்பூச்சியை ஒட்டிவைத்தனர். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்க அரும்பொருளகத்தில் இருக்கின்றது. நம் வீட்டு ஆளிகளுக்குள் எறும்பும் பல்லியும் புகுந்து செய்யும் காரியமும் இதுதான்.

அப்படியாயின், வீட்டிலிருப்போர் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, எழுதுங்கள். நாள், நேரம், கருவி எவ்வளவு நேரம் ஓடியபின் பழுது தோன்றியது, மழையா வெயிலா, அவ்வேளையில் வேறு எந்தக் கருவி ஓடியது, எவ்வாறு மறைந்தது என்னும் இவை போதும். கைத்தொலைபேசி உள்ளவர்கள் பழுது நிகழும் வேளையிலேயே படமும் ஓசையும் பிடித்து வைக்கலாம். 'சில நேரம் வேலை செய்யாது' என்ற சொல் திருத்துநருக்கு ஒன்றும் உணர்த்தாது. 'போட்டு 40 நிமிடம் ஆனபின் நிற்கின்றது. ஒருமணி ஆறவிட்டால் ஓடுகின்றது' என்ற சொல் பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது, ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். கருவியை வேறு குதையில் இட்டுப் பாருங்கள். பழுது கருவியோடு போகின்றதா, குதையிலேயே தங்குகின்றதா என்பது தெரியும். குதை, வடம், இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால், பழுது மறைந்தாலும் எதனால் மறைந்தது என்பது தெரியாது. காப்பு ஆளி விழுமாயின், எல்லாக் கருவிகளின் செருகிகளையும் கழற்றிவிட்டு ஆளியைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். சுவரிலுள்ள சிறு ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. அது உயிர்க்கம்பியை மாத்திரம் துண்டிக்கும். நொதுமற் கம்பி வழியே கசிவு தொடர இடமுண்டு. செருகிகள் யாவும் கழற்றிய நிலையிலும் ஆளி விழுந்தால் பழுது சுவருக்குள் இருக்கின்றது. அது மின்வினைஞரின் வேலை.

மூன்றாவது, கருவியை இடம்பெயர்க்குமுன் சிந்தியுங்கள். தானாகவே பனி நீக்கும் குளிர்சாதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். குளிரூட்டும் சுருளிற் படியும் பனியைச் சில மணிகளுக்கு ஒருமுறை உருக்குவதற்கு அதனுள்ளே ஒரு சூடேற்றி உண்டு. அவ்வேளையிற் பெட்டி ஓசையின்றி நிற்பது பழுதன்று. அந்தச் சூடேற்றி கெட்டுவிட்டால், பனி நாளுக்கு நாள் பெருகிக் காற்றின் வழியை அடைக்கும்; மேலறையில் ஐஸ் இருக்க, கீழறையிற் பால் திரிந்துபோகும். வீட்டார் பெட்டியை நிறுத்தி, லொறியில் ஏற்றிக் கடைக்கு அனுப்புவர். வழியிலேயே பனி முழுவதும் உருகிவிடும். கடையில் அது நுவரெலியாவைப் போலக் குளிரும். 'பழுது காணப்படவில்லை' என்று எழுதி அனுப்புவர். வீட்டுக்கு வந்து சிலநாள் ஒழுங்காக ஓடும். பிறகு பால் மீண்டும் திரியும். பெட்டியை இடம்பெயர்த்ததே பழுதின் தடயத்தை அழித்துவிட்டது. இங்கே திருத்துநரை வீட்டுக்கு அழைத்து, பனி அடைத்த நிலையிலேயே காட்டுதல் வேண்டும். அது இயலாதாயின், 'நிறுத்தி வைத்தாற் சிலநாள் நலம், பின் கெடும்' என்ற வரலாற்றை எழுதிக் கொடுத்தனுப்புதல் வேண்டும். அறிந்த திருத்துநருக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

நான்காவது, திருத்தியபின் பொறுத்திருங்கள். சராசரி 10 நாளுக்கு ஒருமுறை, தற்செயலாய் வந்த ஒரு பழுது, திருத்தத்தின்பின் 10 நாள் வராதிருந்தால் மகிழ்ச்சியடைகின்றோம். ஆனால், திருத்தமே செய்யாவிடினும் அவ்வாறு 10 நாள் அமைதியாகக் கழிய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று கணிதம் கூறுகின்றது. 30 நாள் கழிந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 5 ஆகக் குறையும். ஆகவே, பழுது வழக்கமாக வரும் இடைவெளியின் மும்மடங்கு காலமாவது காத்திருந்து, பின்னரே தீர்ந்தது என்று சொல்லுங்கள்.

நேயர்களே, இதுகாறும் கூறியவை பொறுமையோடு அவதானிக்கத்தக்க பழுதுகள். அவ்வாறு காத்திருக்கலாகாத பழுதுகளும் உண்டு. கரிந்த மணம், புகை, சூடேறிய செருகி, குதையிற் பொறி பறத்தல், தொட்டால் சுளீர் என்ற உணர்வு: இவற்றுள் எது ஒருமுறை தோன்றினாலும் அவதானிப்பை விட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி வருகின்றதா என்று பார்க்கவேண்டாம். தளர்ந்த ஒரு தொடுப்பில் அரை ஓம் தடை இருந்து, அதனூடே 8 அம்பியர் மின்னோட்டம் சென்றால் அங்கே 32 வாற்று வெப்பம் பிறக்கும். ஈயத்தை உருக்கும் சிறு சூட்டுக்கோலின் வெப்பம் அது. செருகிக்குள்ளே, திரைச்சீலைக்கருகே, எவரும் காணாமல் அது எரிந்துகொண்டிருக்கும். மணம் வந்து மறைந்ததென்றால், கருவியை நிறுத்தியதால் ஆறியது என்பதே பொருள். வீட்டின் விளக்குகள் சிலவேளை மங்கியும் சிலவேளை அளவுக்கு மீறிப் பிரகாசித்தும் எரியுமாயின், நொதுமற் கம்பியின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். அது உடனே மின்வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டிய செய்தி.

இன்னும் ஒன்று. இதுவே நான் முக்கியமாகச் சொல்லவந்தது.

ஒரு வீட்டில் அம்மா சொல்கிறார்: 'குளிர்சாதனப் பெட்டியின் கைபிடி சிலநேரம் சுளீரென்று அடிக்கிறது.' ஐயா எழுந்து வந்து தொட்டுப் பார்க்கிறார். ஒன்றுமில்லை. 'உனக்கு எல்லாம் பயம்' என்று சொல்லித் திரும்பிவிடுகிறார். அவர் காலில் இறப்பர்ச் செருப்பு. நின்ற இடம் உலர்ந்த தரை. அம்மாவோ சட்டி கழுவிய ஈரக்கையுடன், வெறுங்காலுடன், நனைந்த சீமெந்துத் தரையில் நின்றவர். மின்சாரம் இருவரிடமும் ஒரே சட்டப்படியே நடந்துகொண்டது. செருப்பு அவரைக் காத்தது. ஈரம் அம்மாவை மின்னோட்டத்தின் பாதையாக்கியது. பெட்டியின் புவித்தொடுப்பு அறுந்து, எங்கோ கசிவு ஏற்பட்டிருக்கின்றது. அடுத்தமுறை வெறுங்காலோடு வருவது, தண்ணீர் எடுக்க ஓடிவரும் குழந்தையாக இருக்கலாம். விரலால் தொட்டுச் சோதிப்பது சோதனை அன்று. செருகியைக் கழற்றிவிட்டு, அளவுகருவி வைத்திருக்கும் மின்வினைஞரை அழைப்பதே சோதனை. வீட்டில் 30 மில்லி அம்பியர்க் கசிவிலேயே விழக்கூடிய காப்பு ஆளி உண்டா என்று பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகின்றதா என்று அறிந்துகொள்ளுங்கள். அடிக்கடி விழுகின்றது என்பதற்காக அதனைக் கழற்றிவிடுவோரும் உளர். குரைக்கின்றது என்பதற்காகக் காவல் நாயைத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதை அது ஒக்கும்.

வந்து மறையும் பழுதுக்குப் பெரும்பாலும் ஒரே சாட்சிதான் உண்டு. அச்சாட்சி சமையலறையில் நிற்பவராகவோ, சிறுபிள்ளையாகவோ, வீட்டு வேலைக்கு வருபவராகவோ இருப்பார். சொல்வதற்கு அவரிடம் கலைச்சொற்கள் இல்லை. 'ஒருமாதிரிச் சத்தம்', 'ஒருமாதிரி மணம்' என்றே சொல்வார். நாம் போய்ப் பார்க்கும்போது அது அங்கே இராது. அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. இருமுறை நம்பாமல் விட்டால் மூன்றாம் முறை அவர் சொல்லவே மாட்டார். வகுப்பறையிலும் இதனைக் கண்டிருக்கின்றேன். 'சில நேரம் கரும்பலகை தெரியவில்லை' என்று ஒரு பிள்ளை சொல்லும். ஆசிரியர் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னால் அன்று வாசித்துவிடும். அந்தச் 'சில நேரம்' என்ற சொல்லை எந்த நேரம் என்று கேட்டு விசாரிப்பவரே நல்லாசிரியர்.

ஆகவே, மின்மானிக்கு அருகே ஒரு கொப்பியையும் பென்சிலையும் தொங்கவிடுங்கள். வீட்டிலுள்ள எவரும் அதில் எழுதலாம் என்று சொல்லிவையுங்கள். எழுத இயலாதவர் சொன்னால் மற்றவர் எழுதட்டும். 'எனக்குத் தெரியவில்லையே' என்று சொல்லுமுன், 'எப்பொழுது கண்டாய், எங்கே நின்றாய், கையில் ஈரம் இருந்ததா' என்று கேளுங்கள். பழுதைத் திருத்துவதற்குப் பயிற்சி வேண்டும். அதனைக் கண்டவரின் சொல்லைச் செவிமடுப்பதற்குப் பயிற்சி வேண்டியதில்லை.